அரை நாள் வேலைக்கும் ஒரு நாள் கணக்கு

பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் திருப்பம். காலை ஐந்தரை மணிக்கே டீக்கடை பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். கம்பெனி பஸ்கள் வரிசையாக உள்ளே திரும்பும். அந்த பஸ்களில் இடம் இல்லாத ஒரு கூட்டம் ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கும். கேன்டீனில் தட்டு கழுவ, ஆபீஸ் கழிப்பறைகளைச் சுத்தம் செய்ய, வாரத்துக்கு மூன்று நாள் லோடு இறக்க, ஆள் குறைந்த ஷிப்டில் பேக்கிங் செய்ய வருகிறவர்கள் இவர்கள். 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இந்த ஊரிலிருந்து வெளியே வந்தது. அன்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் நீண்டுகொண்டே போகின்றன. அவற்றோடு சேர்ந்து இந்தக் கூட்டமும் பெருகிக்கொண்டே போகிறது.

அவர்களில் ஓர் அக்கா, பர்ஸில் நாலாக மடித்து வைத்திருந்த சம்பளச் சீட்டை டீக்கடை பெஞ்சில் விரித்துக் காட்டினார். கேன்டீனில் தினமும் நாலு மணி நேரம் வேலை, மாதம் 4,000 ரூபாய். இ.எஸ்.ஐ. என்று அச்சடித்த கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தது. "பார்ட் டைமுக்கு இ.எஸ்.ஐ. எல்லாம் வராதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு சார். பிடித்தம் இல்லாம முழுசா கைக்கு வருதேன்னு நானும் விட்டுட்டேன்" என்றார்.

சூப்பர்வைசர் சொன்னது தவறு. பிடித்தம் இல்லையென்றால் இ.எஸ்.ஐ.யும் இல்லை என்று அக்கா எடுத்துக்கொண்டதும் தவறு. இந்த இரண்டு தவறுகளும் இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் உண்மையாக நம்பப்படுகின்றன. உடம்பு படுத்துவிட்ட மாதத்தில்தான் அவற்றின் விலை தெரியும்.

முதலில் சட்டம். இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948-ல் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955-ல் கோயம்புத்தூரில் தொடங்கியது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை என்றால் இத்திட்டம் பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் எல்லாரும் இதில் சேர வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்தால்தான் தொழிலாளி என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கூலிக்கு வேலை செய்கிறாரா, அந்த நிறுவனத்தின் வேலையோடு தொடர்புள்ள வேலையா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

இதில் சந்தேகம் எழுந்தபோதெல்லாம் உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் பக்கம்தான் நின்றிருக்கிறது. ஐதராபாத்தில் ராயல் டாக்கீஸ் என்ற சினிமா தியேட்டர் ஒன்று. அதன் கேன்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் கான்ட்ராக்டுக்கு விட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார்: உண்டு, தியேட்டர் முதலாளிதான் பொறுப்பு. படம் பார்க்க வருகிறவர் டீ குடிப்பதும் சைக்கிளை நிறுத்துவதும் தியேட்டர் தொழிலோடு சேர்ந்ததுதான் என்பது அதன் சாரம். கார் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறவருக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு வேண்டியதில்லை. எட்டு வருடம் கழித்து, 1986-ல், நம் ஊர் வழக்கு ஒன்று வந்தது. சவுத் இந்தியா ஃப்ளோர் மில்ஸ் வழக்கு. ஆலைக்குள் கூடுதல் கட்டடம் கட்டத் தற்காலிகமாக எடுத்த கூலி ஆட்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்களா என்பது கேள்வி. தற்காலிகத் தொழிலாளர்களும் வருவார்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே "நீ பார்ட் டைம்", "நீ கேஷுவல்", "நீ கான்ட்ராக்ட்" என்ற மூன்று சொல்லும் இ.எஸ்.ஐ.யை மறுக்கக் காரணமாகாது. கான்ட்ராக்டர் பணம் கட்டாவிட்டால், வேலை நடக்கும் கம்பெனியே முதன்மை முதலாளி என்ற முறையில் கட்டிவிட்டு, பிறகு கான்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இனி காசுக் கணக்கு. 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 12,000 வாங்குகிறவருக்கு 90 ரூபாய் பிடிப்பார்கள், முதலாளி 390 ரூபாய் போடுவார். முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. "கம்பெனி கொடுப்பது இவ்வளவு, அதில் ரெண்டு பக்கமும் கழிச்சு உனக்கு இவ்வளவு" என்று 4 சதவீதத்தையும் தொழிலாளி தலையிலேயே கட்டும் கான்ட்ராக்டர்கள் உண்டு. அது சட்ட விரோதம்.

இங்கேதான் பகுதி நேரத் தொழிலாளிக்கென்றே போட்டது போல ஒரு சலுகை இருக்கிறது. சராசரி தினக்கூலி 176 ரூபாய் வரை உள்ளவர் தன் பங்கைக் கட்ட வேண்டியதில்லை. முதலாளி மட்டும் தன் 3.25 சதவீதத்தைக் கட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் தினக்கூலி கிடைத்துவிடும். அந்த அக்காவின் 4,000 ரூபாயை 26-ஆல் வகுத்தால் 154 ரூபாய்க்குள் நிற்கிறது. அவர் ஒரு பைசா கட்ட வேண்டாம். ஆனால் அவர் பெயரில் மாதம் 130 ரூபாய் முதலாளி கட்டியே ஆக வேண்டும். பிடித்தம் இல்லாத சம்பளச் சீட்டைப் பார்த்து நமக்கு இ.எஸ்.ஐ. இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பிடித்தம் இல்லாமலேயே முழு உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

அடுத்தது நாள் கணக்கு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் 78 என்ற எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

வருடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு சந்தா காலம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. முதல் காலத்தில் கட்டிய சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். இரண்டாவது காலத்துக்கான பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் கிடைக்கும் நோய்க்காலப் பணத்துக்கு, அதற்குரிய சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா பதிவாகியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் பொதுவாகக் கிடையாது.

இந்த 78 நாளை எப்படி எண்ணுகிறார்கள்? கூலி கொடுத்த நாளை எண்ணுகிறார்கள். நாலு மணி நேரம் வேலை பார்த்துக் கூலி வாங்கிய நாளும் ஒரு நாள்தான். எட்டு மணி நேரம் வேலை பார்த்ததும் ஒரு நாள்தான். ஆகவே தினமும் வந்து அரை நாள் வேலை பார்க்கும் கேன்டீன் அக்கா, மூன்று மாதத்திலேயே 78-ஐத் தொட்டுவிடுவார். ஆறு மாதத்தில் அவருக்கு 150 நாளுக்கு மேல் சேரும். நோய்க்காலப் பணம் அவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 107 ரூபாய் வரும். 91 நாளும் எடுக்க நேர்ந்தால் 9,800 ரூபாய்க்கு அருகில். நாலாயிரம் சம்பளக்காரருக்கு அது இரண்டரை மாதச் சம்பளம்.

வாரத்தில் மூன்று நாள் முழு ஷிப்ட் பார்க்கிற லோடுமேன் தம்பியின் கதை வேறு. அவர் கூலி அதிகம், ஆனால் நாள் குறைவு. ஆறு மாதத்துக்கு 26 வாரம். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 26-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், சரியாக 78. ஒரு நாள் கூடுதல் இல்லை, ஒரு நாள் குறைவில்லை. காய்ச்சலில் ஒரு நாள் போகாவிட்டால் 77. பொங்கல் வாரத்தில் கம்பெனி மூடி, அந்த நாளுக்குக் கூலி தராவிட்டால் 77. அந்த ஒரு நாளில் ஆறு மாத நோய்க்காலப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். 77 நாள் சந்தா கட்டியும் அதற்குப் பலன் சுழி.

ஆகவே வாரத்துக்கு மூன்று நாள் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தா காலத்தின் முதல் மாதத்திலிருந்தே டைரியிலோ போனிலோ நாளைக் குறித்துவையுங்கள். கூலியோடு கூடிய விடுப்பும் கூலியோடு கூடிய பண்டிகை விடுமுறையும் இந்த எண்ணிக்கையில் சேரும். எனவே பண்டிகை நாளுக்குக் கூலி உண்டா என்று கேட்பது அந்த ஒரு நாள் காசுக்காக மட்டும் இல்லை. மார்ச் முதல் வாரத்தில் எண்ணிக்கை 68, 69 என்று நின்றால் மேஸ்திரியிடம் சொல்லி ஒரு நாள் கூடுதலாக வேலை வாங்கிக்கொள்ளலாம். ஏப்ரலில் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

முதல்முறையாக வேலையில் சேர்கிறவருக்கு ஒரு தளர்வு உண்டு. சந்தா காலத்தின் நடுவில் சேர்ந்து, 156 நாளுக்குக் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது என்றால், மிச்சமுள்ள வேலை நாட்களில் பாதி நாளுக்குச் சந்தா இருந்தால் போதும்.

இனி இந்தப் பகுதியின் பெரிய நோய்க்கு வருகிறேன். கான்ட்ராக்டர் மாறுவது. அதே கேட், அதே கேன்டீன், அதே பாத்திரம். கான்ட்ராக்டர் பெயர் மட்டும் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ மாறும். புது கான்ட்ராக்டர் வந்ததும் ஆதார் நகலும் போட்டோவும் கேட்பார். பழைய இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேட்கமாட்டார், அல்லது தொழிலாளியிடம் அது இருக்காது. புது எண் ஒன்றைப் போட்டுவிடுவார். பழைய கான்ட்ராக்டரிடம் 45 நாள், புதியவரிடம் 40 நாள் வேலை பார்த்தவருக்கு உண்மையில் 85 நாள் இருக்கிறது. ஒரே எண்ணில் இருந்தால் 78-ஐத் தாண்டியாயிற்று. இரண்டு எண்ணில் சிதறினால் ஒன்றில் 45, இன்னொன்றில் 40. இரண்டிலும் தகுதி இல்லை.

இந்தச் சேதத்தைத் தொழிலாளியே தடுக்க முடியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இ.எஸ்.ஐ. எண் பத்து இலக்கம். அது வாழ்நாள் முழுவதற்கும் ஒருவருக்கு ஒன்றுதான். எத்தனை கம்பெனி மாறினாலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். பெஹ்சான் அட்டை என்று ஒரு தாள் அச்செடுத்துத் தருவார்கள், அதில் அந்த எண் இருக்கும். குடும்பத்தார் பெயரும் இருக்கும். அதை போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இரண்டு எண் விழுந்துவிட்டது என்றால், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இரண்டு எண்ணையும் எழுதி, ஆதார் நகலோடு ஒன்றாக இணைக்கச் சொல்லி மனு கொடுங்கள். மனுவின் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஓவர்டைம் விஷயத்திலும் ஒரு குழப்பம் ஓடுகிறது. "ஓ.டி.யோடு சேர்த்து உனக்கு 22,000 வந்துடுச்சு, இனிமே இ.எஸ்.ஐ. கிடையாது" என்று சொல்கிறார்கள். 21,000 வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் காசைச் சேர்க்கக் கூடாது. ஆனால் அந்த ஓவர்டைம் காசுக்கும் சந்தா கட்ட வேண்டும். சந்தா கூடினால் நோய்க்காலப் பணமும் கூடும், ஆகவே அது தொழிலாளிக்கு நட்டம் இல்லை. சம்பளமே உயர்ந்து நடுவில் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தச் சந்தா காலம் முடியும் வரை இ.எஸ்.ஐ. தொடரும்.

நாள் கணக்கே பார்க்காத பலன்களும் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். அதைவிட முக்கியம் விபத்து. பிரஸ் மெஷினில் விரல் போனால், ஃபோர்க்லிஃப்ட் இடித்தால், கேன்டீனில் கொதி எண்ணெய் கொட்டினால் 78 நாள் இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது. சேர்ந்த முதல் நாள் முதல் மணி நேரத்தில் நடந்தாலும் தினக்கூலியில் 90 சதவீதம், வேலைக்குத் திரும்பும் வரை கிடைக்கும். நிரந்தரமாக உறுப்பு போனால் இழப்புக்கு ஏற்ப வாழ்நாள் மாதப் பணம். உயிர் போனால் குடும்பத்துக்கு அதே 90 சதவீதம் பங்கிட்டு மாதாமாதம்.

இதில் இருங்காட்டுக்கோட்டைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலோ, முடித்துத் திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், பணியிட விபத்தாகவே கொள்ளப்படும். 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்த பிரிவு 51இ இதைச் சொன்னது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் வழி விபத்தைப் பற்றிய தீர்ப்பு ஒன்றில் இந்தப் பிரிவுக்குத் தொழிலாளிக்குச் சாதகமான விரிந்த பொருளையே கொடுத்தது. நைட் ஷிப்ட் முடிந்து ஆறுவழிச் சாலையைக் குறுக்கே கடக்கிறவர்கள், டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் மண்ணூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் போகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! சாலையில் அடிபட்டால் போலீஸ் புகாரோடு நின்றுவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போக வேண்டும் என்று நிறைய குடும்பங்களுக்குத் தெரியாது. அந்த அறிக்கையை உடனடியாக அனுப்பவேண்டியது முதலாளி. அனுப்பிவிட்டார்களா என்று மறுநாளே கேளுங்கள். ஷிப்ட் நேரம் தெரியும் வருகைப் பதிவை, கேட் பாஸை, அன்றைய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள். வேலைக்குத்தான் வந்துகொண்டிருந்தார் என்று காட்ட அவைதான் சாட்சி.

பதிவே செய்யாமல் ஆளை உள்ளே விட்டு, அடிபட்டபின் அவசரமாக எண் போடும் பழக்கமும் இருக்கிறது. பதிவு செய்யாதது முதலாளியின் குற்றம், அதற்காகத் தொழிலாளியின் பலன் போகாது. இ.எஸ்.ஐ. கழகம் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அத்தனை இளம் பெண்கள் இங்கே வேலைக்கு வந்திருக்கிறார்கள். மகப்பேறு பலனுக்கு 78 நாள் தேவையில்லை. முந்தைய இரண்டு சந்தா காலங்களிலும் சேர்த்து 70 நாள் போதும். 26 வாரத்துக்கு முழுக் கூலி, மூன்றாவது குழந்தையிலிருந்து 12 வாரம். 4,000 ரூபாய் பகுதி நேர வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இது 28,000 ரூபாய்க்கு அருகில் வரும். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

'டிரெய்னி' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1961-ன் அப்ரன்டிஸ் சட்டத்தில் முறையாகப் பதிவான பயிற்சியாளருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் பயிற்சி நேரத்தில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. அந்தச் சட்டத்தில் பதிவாகாமல், அடையாள அட்டையில் மட்டும் டிரெய்னி என்று அச்சடித்து லைனில் நிறுத்தியிருந்தால், பெயர் எதுவானாலும் அவர் தொழிலாளிதான். உங்கள் அப்ரன்டிஸ் ஒப்பந்தப் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் புரிந்துகொள்ளலாம்.

பி.எஃப். பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம், மாதம் 15,000 வரை சம்பளம் என்றால் கட்டாயம். பகுதி நேரத்தாருக்கும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்களுக்கே பி.எஃப். உண்டு என்று 1980-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழிலாளி 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம். முதலாளி பங்கில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும். அந்த பென்ஷனுக்கு 10 வருடச் சேவை வேண்டும். இந்த 10 வருடத்தின் கொடுமையை இந்த ஊர் நேரில் பார்த்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1-ல் நின்றது. முதல் நாள் சேர்ந்து கடைசி நாள் வரை இருந்தவருக்கும் ஒன்பது வருடம் முழுசாக இல்லை. அந்த ஆலையின் சேவையை மட்டும் வைத்து ஒருவருக்கும் பென்ஷன் தகுதி வந்திருக்க முடியாது. அடுத்த வேலையில் பழைய கணக்கை இணைத்தவர்களுக்கு அந்த வருடங்கள் தொடர்ந்தன. கையில் காசு வேண்டும் என்று பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்தவர்கள் சுழியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டு வாடகைக்கு யாரிடம் போவது? ஆனால் இன்று, வேலை மாறினாலும் மாறாத யூ.ஏ.என். என்ற பி.எஃப். எண் இருக்கிறது. கான்ட்ராக்டர் மாறும்போது காசை எடுக்காமல் கணக்கை மாற்றினால் வருடங்கள் ஒட்டிக்கொண்டே வரும். பகுதி நேர வேலையின் வருடமும் வருடம்தான்.

பிரிட்டனில் இதே பிரச்சினை எப்படி இருக்கிறது என்று பார்த்தால் நம் சட்டத்தின் நல்ல குணம் ஒன்று தெரியும். நம் இ.எஸ்.ஐ.க்கு வரைபடம் போட்டவர் பேராசிரியர் பி.பி. அடார்கர்; 1944-ல் அறிக்கை கொடுத்தார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் பிரிட்டனில் சமூகக் காப்பீடு பற்றிய பெவரிட்ஜ் அறிக்கை வந்திருந்தது. அங்கே தேசியக் காப்பீட்டில் வாரச் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். 2025-26 கணக்கில், ஒரே வேலையில் வாரம் 125 பவுண்டாவது வந்தால்தான் அந்த வாரம் கணக்கில் ஏறும். இரண்டு இடத்தில் தலா 100 பவுண்டுக்குப் பகுதி நேர வேலை பார்க்கிற பெண்ணுக்கு 200 பவுண்டு வந்தும் எந்த வேலையும் எல்லையைத் தொடாது. முழு அரசு பென்ஷனுக்கு 35 வருடம் வேண்டிய நாட்டில் அந்த வருடம் அவருக்கு விடுபட்டுப் போகலாம். நம் திட்டத்தில் அப்படி ஒரு கீழ் வரம்பு இல்லை. கூலி குறைந்தவரிடம் சந்தா வாங்காமலே அவரை உள்ளே சேர்க்கிறது. எழுதியவர்கள் ஏழையை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதில்தான் நாம் ஏமாற்றப்படுகிறோம்.

புதிதாக என்ன வந்திருக்கிறது? 2025 நவம்பர் 21 அன்று 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குறித்த காலத்துக்கு என்று நேரடி ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடச் சேவையிலேயே பணிக்கொடை உண்டு என்கிறது அது. ஷிப்ட் முடிந்து இரவில் உணவு டெலிவரி ஓட்டும் தம்பிகள் இந்தப் பகுதியில் நிறைய. அவர்களுக்காக செயலி நிறுவனங்கள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று தனி நலவாரியம் 2023-லேயே அமைந்துவிட்டது. அதில் பதிவு செய்துகொள்வதில் தாமதம் வேண்டாம்.

சந்தா கட்டுகிறார்களா என்று பார்ப்பது இப்போது கஷ்டமில்லை. உமங் செயலியில் இ.எஸ்.ஐ. பகுதிக்குப் போய் உங்கள் எண்ணைக் கொடுத்தால் மாதாமாதம் எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று பதிந்திருக்கிறார்கள் என்பது தெரியும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது கிரிமினல் குற்றம். நாள் குறைத்துக் காட்டியிருந்தால் வருகைப் பதிவு நகலோடு கிளை அலுவலகத்துக்கு எழுதுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து போங்கள், தொழிற்சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

டீக்கடை அக்கா சீட்டை மறுபடி நாலாக மடித்து உள்ளே வைத்தார். "கேட்டா வேலைக்கு வராதேன்னுட்டா என்ன சார் பண்றது?" என்று கேட்டார். இதற்கு நேர்மையான பதில், அந்தப் பயம் நியாயமானது என்பதுதான். நாலாயிரம் ரூபாய் வேலையைப் பணயம் வைத்துச் சட்டம் பேச ஒருவரைத் தனியாக விடக் கூடாது. அதனால் இந்தக் கேள்வியை அவர் கேட்பதைவிட, கம்பெனி பஸ்ஸில் வருகிற நீங்கள் கேட்பது எளிது. உங்கள் சம்பளச் சீட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. உங்களை அவ்வளவு சுலபமாக வெளியே அனுப்ப முடியாது. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கட்ட வேண்டியது உங்கள் கம்பெனிதான் என்பதால், எச்.ஆர். அறையில் அந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு. நாளை மதியம் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது, அதை வாங்குகிறவரிடம் பத்து இலக்க எண் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.